தீட்டுப்பலகை (பனைத்தொழில்)

தீட்டுப்பலகை: பனையேறிகள் பாளை சீவும் அரிவாளைக் கூர்தீட்டவும், அதில் படிந்த கறையை நீக்கவும் பயன்படுத்தும் கருவி. ஒரு மரத்துண்டும், அதன்மேல் தூவப்படும் வெள்ளைக்கல் பொடியும் மட்டுமே கொண்டது. பனையேறிகள் இதைத் தங்கள் கையாலேயே செய்துகொள்வார்கள். கன்னியாகுமரி, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் பனைத்தொழிலில் பாளை அரிவாள், அரிவாள்பெட்டி, கடிப்பு, தளைநார், கலயம் ஆகியவற்றுடன் சேர்ந்த கருவி. பதநீரின் அளவும் கருப்பட்டியின் தரமும் அரிவாளின் கூர்மையையும் தூய்மையையும் சார்ந்தவை என்பதால், எளிய தோற்றம் கொண்ட இந்தப் பலகைக்குத் தொழிலில் முக்கியமான இடம் உண்டு.

பெயர்

கூர்மைப்படுத்துவதைத் தீட்டுதல் என்பது தமிழ் வழக்கு. தீட்டுவதற்கான பலகை என்பதனால் தீட்டுப்பலகை எனப்பட்டது. தடித்த மரத்துண்டாக இருந்தால் தீட்டுக்கட்டை என்றும் சொல்லலாம். இதில் பயன்படும் கல் கிழக்குப் பகுதிகளில் வெங்கச்சங்கல் எனப்படுகிறது. கேரளத்தை ஒட்டிய பகுதிகளில் வெள்ளாரங்கல் என்ற சொல் புழங்குகிறது. இரண்டும் குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல்லையே குறிக்கின்றன.

பின்புலம்

கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தது. இதன் கிழக்குப் பகுதியான தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் நாஞ்சில் நாடு என அழைக்கப்படுகின்றன. நாஞ்சில் நாடு நெல்வயல்களுக்குப் புகழ்பெற்றது. ஆனால் வயலுக்கு நீர் ஏறாத மேட்டு நிலங்களிலும், கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான இடங்களிலும், செம்மண் தேரிகளிலும் பனையே முதன்மையான மரமாக இருந்தது. மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலும் பனை மிகுதி.

பனையிலிருந்து கிடைக்கும் இனிப்பு நீர் பொதுத்தமிழில் பதநீர் எனப்படும். கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கு அக்கானி என்று பெயர். ஆண்கள் மரமேறி அக்கானி இறக்க, வீட்டுப்பெண்கள் அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக ஆக்கினார்கள். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் சில மாதப் பருவத்தில் இறக்கப்படும் அக்கானியைப் பொறுத்து அமைந்தது. அந்தச் சில மாதங்களில் அரிவாள் மழுங்கினால் வருமானமும் குறைந்தது.

பாளை சீவுதல்

தீட்டுப்பலகையின் தேவையைப் புரிந்துகொள்ளப் பாளை சீவும் முறையை அறியவேண்டும். பனையில் ஆண் மரம், பெண் மரம் என இருவகை உண்டு. இரண்டிலும் பூங்கொத்தே பாளை எனப்படுகிறது. பாளை வெளிவந்ததும் பனையேறி அதைக் கடிப்பு என்னும் மரக்கிடுக்கியால் பல நாட்கள் பதமாக நெருக்கி வருவார். பிறகு நுனியைச் சிறிது சிறிதாகச் சீவுவார். சில நாட்களில் வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டத் தொடங்கும். அதன் கீழே சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டப்படும்.

மரம் இலைகளில் உருவாக்கும் சர்க்கரையைப் பூவுக்கும் காய்க்கும் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்கள் பாளைக்குள் உள்ளன. அவை வெட்டுப்பட்ட இடத்தில் வழியும் சாறே பதநீர். காயம் பட்ட குழாயை அடைத்துக்கொள்வது தாவரத்தின் இயல்பு. சாற்றில் வளரும் நுண்ணுயிர்களும் குழாய் வாயை அடைக்கும். ஆகவே சில மணி நேரத்தில் ஒழுக்கு குறையும். அதைத் திறந்துவைக்கவே பனையேறி ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் மரமேறிப் பாளையின் நுனியில் புதிதாக ஒரு மெல்லிய சீவு சீவுகிறார்.

இங்கே இரண்டு தேவைகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. அடைப்பு நீங்கும் அளவுக்குச் சீவவேண்டும். ஆனால் பாளையின் நீளம் குறைவு, சீவிய பகுதி திரும்ப வளராது. ஒரு கணக்கால் இதை விளக்கலாம். சீவத்தக்க நீளம் 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 2 மில்லிமீட்டர் சீவினால் அந்தப் பாளை 75 நாட்கள் நீடிக்கும். ஒவ்வொரு முறையும் 3 மில்லிமீட்டர் போனால் 50 நாட்களில் தீர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் 25 நாள் ஒழுக்கு இழக்கப்படுகிறது.

மழுங்கிய அரிவாளால் மெல்லிய சீவு எடுக்கமுடியாது. அது வழுக்கிச் செல்லும், அல்லது தேவைக்கு மேல் ஆழமாக இறங்கும். மேலும் அது நாரை அறுக்காமல் நசுக்கிக் கிழிக்கும். நசுங்கிய குழாய்களின் வாய் மூடிக்கொள்வதால் ஒழுக்கு குறையும். கூரிய அலகால் சீவிய வெட்டுவாய் வழவழப்பாக இருக்கும். எனவே கூர்மை என்பது வேலையின் எளிமைக்காக மட்டும் தேவைப்படுவது அல்ல, ஒரு பாளை எத்தனை நாள் ஊறும் என்பதை அது முடிவுசெய்கிறது.

கூர்மைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பனையேறி தரையிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் உயரத்தில், மட்டைகளுக்கு நடுவே நின்று சீவுகிறார். உடலின் எடையை ஊன்றி அழுத்தி வெட்டும் வசதி அங்கில்லை. அலகு இலேசான இழுப்பிலேயே அறுக்கவேண்டும். அழுத்தி வெட்டும்போது அரிவாள் வழுக்கினால் கை தவறும், கால் நிலையும் தவறும்.

பாளை அரிவாள்

பனையேறி இரண்டு அரிவாள்கள் வைத்திருப்பார். ஒன்று மட்டை அரிவாள். பனைமட்டைகளைக் கழிக்கவும், சில்லாடை முதலியவற்றை நீக்கிப் பாளைக்கு வழிசெய்யவும் பயன்படும். தடித்த அலகு கொண்டது, அடி தாங்கும். மற்றொன்று பாளை அரிவாள். அகன்ற, மெல்லிய, சற்று வளைந்த அலகு கொண்டது. பாளை சீவுவதற்கு மட்டுமே பயன்படுவது. பாளை அரிவாளால் மட்டை வெட்டினால் அதன் நுண்ணிய கூர்வாய் உடனே சிதையும்.

அரிவாள்களை ஊர்க் கொல்லர் பட்டறையில் அடித்துக் கொடுப்பார். கிராமக் கொல்லர்கள் வெட்டுக்கருவிகளுக்குப் பழைய லாரிகளின் வில்பட்டை எஃகை விரும்பி எடுக்கிறார்கள். அதில் உள்ள கரியின் அளவு, சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் நன்றாகக் கடினப்படும் தன்மையைத் தருகிறது. தோய்ப்பு மிகுந்தால் அலகு கண்ணாடிபோல உடையும். குறைந்தால் வாய் மடங்கும். கொல்லர் தருவது வடிவமும் பதமும் மட்டுமே. அன்றாடக் கூர்மை பனையேறியின் கையில், தீட்டுப்பலகையில் உருவாகிறது.

பலகையின் அமைப்பு

தீட்டுப்பலகை அரிவாளின் நீளத்துக்கு ஏற்ற ஒரு மரத்துண்டு. அதன் மேற்பரப்பு நேராகவும் சமமாகவும் சீவப்பட்டிருக்கும். மிகக் கடினமான மரம் இதற்கு ஏற்றதல்ல. கல்பொடியின் துகள்கள் பாதி புதைந்து நிற்கும் அளவுக்கு மரம் இளகியதாக இருக்கவேண்டும். கணுவும் வெடிப்பும் இல்லாமல் இழை நேராக ஓடவேண்டும். கணு உள்ள இடம் தேயாமல் மேடாக நிற்கும், அதில் பட்டு அலகின் வாய் கெடும்.

பாளை அரிவாளின் அலகு வளைந்திருப்பதால் பலகை அகலமாக இருப்பதில் பயனில்லை. அகலம் கூடினால் வளைவின் உட்புறம் பலகையில் படியாது. குறுகிய பலகையும், அதில் சற்று உருட்டிச் சீவிய ஒரு விளிம்பும் இருந்தால் அலகின் முழு நீளத்தையும் தீட்டமுடியும். பயன்பாட்டில் பலகையின் நடுப்பகுதி தேய்ந்து குழியும். அப்போது மீண்டும் இழைத்து நேராக்கலாம், அல்லது வேறு பலகை செய்துகொள்ளலாம்.

கல்பொடி

வெங்கச்சங்கல் இந்த மாவட்டத்தின் பழமையான பாறைகளுக்கு நடுவே வெண்ணிற வரிகளாகக் காணப்படும். மண் அரிக்கும்போது தனிக் கற்களாகச் சிதறிக் கிடக்கும். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை எண்ணால் குறிக்கும் மோஸ் அளவுகோலில் இதன் இடம் 7. பட்டறையில் அடித்த அரிவாளின் எஃகு பொதுவாக இதைவிடக் கடினம் குறைந்தது. ஆகவே வெங்கச்சங்கல் பொடி எஃகை அராவும்.

கல் கடினமானது, நேரடியாக இடித்தால் எளிதில் பொடியாகாது. நெருப்பில் நன்றாகச் சுட்டு நீரில் போட்டால் உள்ளே வெடிப்புகள் ஓடி நொறுங்கும் தன்மை பெறும். வெங்கச்சங்கல்லின் படிக அமைப்பு 573 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மாறுவதும், அப்போது அது விரிவடைவதும் இதற்கு உதவுகின்றன. நொறுங்கியதை இடித்து, துணியில் சலித்து எடுத்தால் மாவு போன்ற பொடி கிடைக்கும். சலிப்பதில் கவனம் வேண்டும். மாவுக்கு நடுவே ஒரு பெரிய துகள் கிடந்தாலும் அது அலகின் வாயில் கீறலை உண்டாக்கும்.

இந்தப் பொடியின் தூசியை மூச்சில் இழுப்பது ஆபத்தானது. சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்கக்கூடும். கல்குவாரிகளிலும் கல் அரைக்கும் ஆலைகளிலும் பணிபுரிவோருக்கு வரும் நோய் இது. எனவே கல்லை ஈரமாக்கி இடிப்பதும், உலர்ந்த பொடியைச் சலிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும், பொடியை ஈரத்துடன் பயன்படுத்துவதும் நல்லது.

கல்லுக்குப் பதிலாகப் பலகை

அரிவாளை நேரடியாகச் சாணைக்கல்லில் தீட்டாமல் பலகையில் தீட்டுவதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, மென்மை. சாணைக்கல் எஃகை விரைவாகத் தின்னும். நாள்தோறும் தீட்டவேண்டிய மெல்லிய அலகு சாணையில் சீக்கிரம் தேய்ந்துபோகும். பலகையில் துகள்கள் மரத்துக்குள் சற்று அமிழ்ந்து நிற்பதால் மெல்லவே அராவுகின்றன. விழும் கீறல்களும் நுண்ணியவை.

இரண்டாவது, கூர்மையின் அளவைக் கைக்குள் வைத்திருக்கும் வசதி. ஒரு கல்லுக்கு ஒரே சொரசொரப்புதான். பலகையில் முதலில் சற்றுப் பருமனான பொடியைத் தூவித் தொடங்கி, பிறகு நுண்பொடியால் முடிக்கலாம். தீட்டத் தீட்டத் துகள்களும் உடைந்து மேலும் நுண்மையாகின்றன. எனவே ஒரே பிடி பொடி தொடக்கத்தில் அராவும், முடிவில் மெருகேற்றும்.

மூன்றாவது, எடையும் செலவும். பலகை இலேசானது, கீழே விழுந்தாலும் உடையாது. பொடி வழியோரக் கல்லிலிருந்து கிடைப்பது.

தீட்டும் முறை

பலகையைச் சற்றுச் சாய்வாக ஊன்றி அல்லது தரையில் கிடத்திக் காலால் அணைத்துக்கொள்வது வழக்கமான நிலை. பலகையில் சிறிது நீர் தெளித்துப் பொடியைத் தூவவேண்டும். அரிவாளின் பிடியை ஒரு கையால் பற்றி, மறு கையின் விரல்களை அலகின் முதுகுப்பக்கம் வைத்து, வாயைப் பலகையில் படியவைத்து நீளவாக்கில் இழுக்கவேண்டும். இழுக்கும்போதே பிடியிலிருந்து நுனிவரை அலகு முழுவதும் பலகையைத் தொடும்படி கை வளைந்து செல்லும்.

இதில் முக்கியமானது சாய்வு. அலகு பலகையுடன் உண்டாக்கும் கோணம் முதல் இழுப்பிலிருந்து கடைசி இழுப்புவரை மாறக்கூடாது. கோணம் கூடினால் வாய் தடிக்கும். மிகவும் குறைந்தால் வாய் காகிதம்போல் மெலிந்து முதல் சீவிலேயே மடங்கும். கோணத்தை அளக்கக் கருவி எதுவும் இல்லை. உரசும் ஒலியும் விரலில் தெரியும் அதிர்வுமே அளவு. பழகியவர் பார்க்காமலே ஒலியைக் கொண்டு அறிவார்.

ஒரு பக்கம் தீட்டி முடிந்ததன் அடையாளம் பிசிர். வாய் மிகவும் மெலிந்ததும் எஃகின் நுண்ணிய விளிம்பு மறுபக்கம் மடங்கி நிற்கும். விரலை அலகின் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். பிசிர் அலகின் முழு நீளத்திலும் எழுந்தபின் மறுபக்கத்தைத் தீட்டவேண்டும். இறுதியில் நீரும் பொடியும் கலந்த நுண்சேற்றில் இரு பக்கமும் மாறி மாறி இலேசாக இழுத்தால் பிசிர் உதிரும். பிசிர் உதிராத அரிவாள் கூர்மையாகத் தோன்றும், ஆனால் இரண்டு பாளை சீவுவதற்குள் மழுங்கும்.

கூர்மையைச் சோதிக்க ஒரு பச்சைப் பனையோலை போதும். ஓலையின் விளிம்பில் அலகை எடையின்றி வைத்து இழுத்தால், கூர்மையான அரிவாள் ஒலியின்றி இறங்கும். மழுங்கிய இடத்தில் ஓலை நசுங்கும், அல்லது நார் பிரியும். அந்த இடத்தை மட்டும் மறுபடி தீட்டவேண்டும்.

கறை நீக்குதல்

பதநீரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சர்க்கரை. சீவியபின் அலகில் ஒட்டும் சாறு காய்ந்து பிசுபிசுப்பான படலமாகும். அதில் காற்றிலுள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும் விரைவில் வளரும். அதே அரிவாள் அடுத்த மரத்தின் புதிய வெட்டுவாயைத் தொடும்போது அவை அங்கே இடம் மாறும்.

இதன் விளைவு அடுப்பில் தெரியும். நுண்ணுயிர்கள் பதநீரின் சர்க்கரையைச் சிதைத்து வேறு எளிய சர்க்கரைகளாகவும், பிறகு ஆல்கஹாலாகவும் அமிலமாகவும் மாற்றுகின்றன. சிதைந்த சர்க்கரை கட்டிப்படாது. அப்படிப்பட்ட அக்கானியை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாமல் இளகிநிற்கும். விறகும் ஒரு பகல் உழைப்பும் வீணாகும். கலயத்தில் பூசும் சுண்ணாம்பு இந்தச் சிதைவைத் தடுக்கும் முதன்மையான காப்பு. கலயத்தையும் அரிவாளையும் தூய்மையாக வைத்திருப்பது அதற்குத் துணையான காப்பு.

தீட்டுப்பலகை கூர்தீட்டும்போதே கறையையும் நீக்குகிறது. ஈரப்பொடியின் உரசலில் காய்ந்த சாறும், மேலெழுந்த துருவும், பாளையின் கறையும் போகின்றன. தீட்டி முடித்ததும் அலகை நல்ல நீரில் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைக்கவேண்டும். கல்பொடி ஒட்டியிருந்தால் அது வெட்டுவாய் வழியாகக் கலயத்துக்குள் போகும். பருவம் முடிந்து அரிவாளை எடுத்து வைக்கும்போது தேங்காயெண்ணெய் தடவலாம். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்றால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். இயந்திர எண்ணெய் துருவை நன்றாகத் தடுக்கும் என்றாலும், உணவுப்பொருளைத் தொடும் அலகுக்கு அது ஏற்றதல்ல.

பிடியைக் கழற்றுதல்

பலகையால் எட்டமுடியாத இடம் பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள இடுக்கு. அலகின் பின்முனை ஒரு வாலாக நீண்டு மரப்பிடிக்குள் செருகப்பட்டிருக்கும். பிடி பிளக்காமலிருக்க அதன் வாயில் ஓர் இரும்பு அல்லது பித்தளைப் பூண் இறுக்கப்படும். சாறும் மழைநீரும் பூணின் வழியாக உள்ளே இறங்கினால் வால் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். வெளியே தெரியாது. பிடி இளகி ஆடத் தொடங்கும்போதுதான் தெரியவரும். மரத்தின் உச்சியில் பிடி கழன்றால் அரிவாள் கீழே நிற்பவர்மீது விழக்கூடும்.

மடக்குக்கத்தியில் அழுக்கு சேரும் இடம் அலகு திரும்பும் அச்சு. அதைக் கழற்றித் துடைத்தால்தான் கத்தி நன்றாக மடங்கும். பாளை அரிவாளில் அசையும் பகுதி எதுவும் இல்லை, ஆனால் பிடியின் இடுக்கு அதேபோன்ற அழுக்குத்தேக்கம். ஆகவே பருவம் தொடங்குமுன் பிடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

கழற்றுவதற்கு ஒரு கடினமரத் துண்டும் ஒரு கொட்டாப்புளியும் போதும். அலகின் வாயில் சாக்குத்துணியைப் பலமுறை சுற்றிக் கட்டவேண்டும். அலகை இரு கட்டைகளுக்கு நடுவே அசையாமல் இறுக்கவேண்டும். கடினமரத் துண்டின் முனையைப் பூணின் விளிம்பில் வைத்து, அலகுக்கு எதிர்த்திசையில் மெல்லத் தட்டவேண்டும். ஒரே பக்கம் தட்டினால் வால் வளையும் அல்லது பிடி பிளக்கும். இரு பக்கமும் மாறி மாறித் தட்டினால் பிடி சிறிது சிறிதாக நகர்ந்து கழலும். நேரடியாக இரும்புச் சுத்தியலால் அடித்தால் பூண் நசுங்கும்.

கழன்ற வாலின் துருவைத் தீட்டுப்பலகையின் பொடியாலேயே தேய்த்து நீக்கலாம். பிடியின் துளையை வெயிலில் நன்றாக உலரவிடவேண்டும். பிறகு வாலைத் துளையில் செருகி, அலகு மேலே இருக்கும்படி பிடித்து, பிடியின் அடியைக் கட்டைமேல் செங்குத்தாகத் தட்டவேண்டும். பிடி கட்டையில் மோதி நிற்கும். அலகு தன் எடையின் வேகத்தில் மேலும் கீழே இறங்கும். வால் நுனியை நோக்கிக் குறுகி வருவதால் ஒவ்வொரு தட்டுக்கும் பிடிப்பு இறுகும். ஆணியோ பசையோ தேவையில்லை. துளை பெரிதாகிவிட்டிருந்தால் பிடியை மாற்றுவதே பாதுகாப்பானது.

அரிவாள்பெட்டி

தீட்டிய அரிவாளின் கூர்மையைக் காப்பது அரிவாள்பெட்டி. பேச்சுவழக்கில் அருவாப்பெட்டி. இது பனையேறியின் இடுப்பில் பின்புறமாகக் கட்டப்படும் உறை. இரண்டு அரிவாள்களும் இதற்குள் இருக்கும். ஏறும்போது இரு கைகளும் மரத்தைப் பற்றவேண்டியிருப்பதால் அரிவாளைக் கையில் வைத்திருக்க முடியாது. பெட்டி இறுக்கமாக இல்லாவிட்டால் அரிவாள் குலுங்கி, தீட்டிய வாய் கெடும். பெட்டிக்குள் தங்கும் ஈரமும் சாறும் துருவுக்குக் காரணமாகும். அதனால் பெட்டியையும் அவ்வப்போது கழுவி வெயிலில் உலர்த்தவேண்டும்.

பிற இடங்களிலும் தொழில்களிலும்

கேரளத்தில் தென்னையில் கள் இறக்குபவர்களும் மரப்பலகையில் வெள்ளாரங்கல் பொடியைத் தூவித் தங்கள் கத்தியைத் தீட்டுகிறார்கள். நாவிதர்கள் மடக்குச் சவரக்கத்தியின் இறுதிக் கூர்மைக்குப் பயன்படுத்தும் தோல்வாரும் இதே தத்துவத்தைக் கொண்டது. இரண்டிலும் இளகிய பரப்பு ஒன்று நுண்துகள்களைத் தாங்கி எஃகை மெருகேற்றுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவாரங்களில் ரப்பர் பால் வெட்டுவதும் பாளை சீவுவதும் ஒரே அடிப்படையில் அமைந்தவை. ரப்பர் மரத்திலும் பட்டையின் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து அடைபட்ட குழாய்களை மீண்டும் திறக்கிறார்கள். அங்கும் சீவல் தடித்தால் பட்டை சீக்கிரம் தீரும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். எனவே ரப்பர் வெட்டும் கத்தியும் நாள்தோறும் கூர்மையாக இருக்கவேண்டிய கருவி.

வரலாறு

தென் கேரளத்திலும் அதை ஒட்டிய நாடுகளிலும் மரமேறுவோரின் கருவிகள் வரிக்கு உட்பட்டிருந்தன. வேணாட்டை ஆண்ட அய்யன் அடிகள் கொல்லத்திலிருந்த தரிசாப்பள்ளி தேவாலயத்துக்குப் பொது ஆண்டு 849 இல் அளித்த செப்பேடு, அப்பள்ளியைச் சார்ந்த குடிகளுக்கு நீக்கப்பட்ட வரிகளில் ஏணிக்காணத்தைக் குறிப்பிடுகிறது. ஏணிக்காணம் மரமேறப் பயன்படும் ஏணியின்மீது விதிக்கப்பட்ட வரி என்று விளக்கப்படுகிறது. பிற்காலத்தில் நாஞ்சில் நாடும் வேணாட்டு அரசர்களின் ஆட்சிக்குள் வந்தது. மரமேறுவோரின் கருவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரசின் கணக்கில் இடம்பெற்றிருந்ததை இந்தச் செப்பேடு காட்டுகிறது.

பனையேறும் தொழிலைச் செய்தவர்களில் பெரும்பான்மையோர் நாடார் சமூகத்தினர். 19 ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரிலும் திருநெல்வேலியிலும் பணியாற்றிய கிறிஸ்தவ மதப்பணியாளர்களின் நூல்களில் பனைத்தொழில் பற்றிய விவரிப்புகள் உள்ளன. வில்லியம் பெர்குசன் 1850 இல் கொழும்பில் வெளியிட்ட நூல் பனைக்காகவே எழுதப்பட்ட தொடக்ககால ஆங்கில நூல்களில் ஒன்று.

இன்றைய நிலை

தமிழகத்தில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. பதநீர் இறக்குவது தொடர்கிறது. ஆனால் பனையேறுவோரின் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. கல்வி, பிற வேலைவாய்ப்புகள், தொழிலின் ஆபத்து, பருவத்தில் மட்டுமே கிடைக்கும் வருமானம் ஆகியவை காரணங்கள். பனையேறி ஒருவர் தன் மகன் இத்தொழிலுக்கு வரக்கூடாது என்று விரும்புவது இயல்பானது, அதற்கு நியாயமும் உண்டு.

பனையைக் காக்கும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த அரசியல் தலைவர் குமரி அனந்தன் பனைத்தொழிலாளர் நல வாரியத்தின் தலைவராக இருந்தவர், பனைக்காகத் தொடர்ந்து பேசியவர். தமிழ்நாடு அரசு 2021 இல் வெளியிட்ட முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்ற அறிவிப்பும் அதில் இடம்பெற்றது. தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனை ஆராய்ச்சி நடைபெறுகிறது. மரமேற உதவும் இயந்திரங்களும் உருவாக்கப்பட்டுள்ளன.

ஏறும் கருவி ஒருவரை மரத்தின் உச்சிக்குக் கொண்டுசெல்லும். அங்கே சீவவேண்டியது கூரிய அரிவாளே. கடைகளில் கிடைக்கும் கார்போரண்டம் கல்லும் உப்புத்தாளும் தீட்டுப்பலகையின் வேலையை ஓரளவு செய்யும். ஆனால் சாய்வைக் கையால் அறிவது, பிசிரை விரலால் உணர்வது, எவ்வளவு மெல்லச் சீவினால் பாளை நெடுநாள் ஊறும் என்று கணிப்பது ஆகியவை பலகையின் முன் அமர்ந்து பழகியே கற்கப்பட்டவை. விதைத்த பனை பாளை விடச் சற்றேறக்குறைய 15 ஆண்டுகளாகும். இன்று நடப்படும் மரங்களில் பதநீர் இறக்கும் நாளில், அரிவாள் தீட்டத் தெரிந்த கைகளும் இருக்கவேண்டும்.